எந்த ஊருக்குப் போகிறது இந்த ரயில்?

விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, மேஜை விளிம்பில் தாடையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். சிவப்பு எஞ்சின் மூன்று பெட்டிகளோடு ஸ்டேஷனைத் தாண்டியது. அட்டை மலையின் குகைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. திரும்பவும் ஸ்டேஷனைத் தாண்டியது.

“இது எந்த ஊருக்குப் போகுது தாத்தா?”

“எங்கயும் போகாது. சுத்திட்டு இங்கயேதான் வரும்.”

“அப்ப எதுக்குப் போகுது?”

எனக்குப் பதில் வரவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, ஆறு வருஷமாக இந்த ஆறடிக்கு நாலடிப் பலகையோடு மல்லுக்கட்டுகிறேன். இதற்கு எவ்வளவு ஆச்சு என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

மாதிரி ரயில் பைத்தியங்களைப் பற்றி ஊரில் உலவும் விளக்கம் ஒன்று உண்டு. வாழ்க்கை நம் பேச்சைக் கேட்பதில்லை. இங்கேயாவது ஒரு குமிழைத் திருகினால் உலகம் ஓடுகிறது, நிற்கிறது. அந்த அதிகார சுகம்தான் காரணம் என்பார்கள். ரயில் ஓட்டிப் பார்க்காதவர்கள்தான் இப்படிச் சொல்ல முடியும். இரண்டு தண்டவாளத்திலும் 12 வோல்ட் மின்சாரம். அது சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு தூசி உட்கார்ந்தால் வண்டி நின்றுவிடும். சென்னைக் காற்றில் வாரம் ஒருமுறை ஸ்பிரிட் தொட்டுத் தண்டவாளத்தைத் துடைக்காவிட்டால் எஞ்சின் அசையாது. அதிகாரத்துக்கு ஆசைப்படுகிறவனுக்கு இதைவிட மோசமான வேலை கிடைக்காது.

இன்னொரு விளக்கம் வியாபாரத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் 1859இல் தொடங்கிய மெர்க்லின் கம்பெனி, முதலில் பொம்மை வீடுகளுக்குத் தகரத்தில் சமையல் சாமான் செய்தது. வீடு ஒன்றுதான், ஆனால் சாமான் வருஷா வருஷம் விற்கும். அதே கணக்கை ரயிலுக்கும் போட்டு, 1891இல் லைப்சிக் சந்தையில், ஒன்றோடொன்று பொருந்தும் தண்டவாளங்களை நிலையான அளவுகளில் கொண்டுவந்தார்கள். இந்த வருஷம் ஒரு வளைவு, அடுத்த வருஷம் ஒரு பாலம். நம் வீட்டுக் கொலுவில் வருஷம் ஒரு பொம்மை சேர்கிறதே, அந்த மாதிரி. இந்த வேலை ஏன் முடிவதே இல்லை என்பதற்கு இது சரியான விளக்கம். ஏன் தொடங்குகிறோம் என்பதற்கு இல்லை.

நான் தொடங்கியது ஊர் நினைப்பில்தான். திருநெல்வேலி - தென்காசி மீட்டர் கேஜ் பாதையில் எங்களுடையது ஒரு சின்ன ஸ்டேஷன். பன்னிரண்டு வருஷம் அதன் பிளாட்பாரத்தைக் குறுக்கே கடந்து பள்ளிக்கூடம் போனேன். 1,000 மில்லிமீட்டர் பாதை 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையானபோது அந்தப் பழைய கட்டடம் போய்விட்டது. போனால் என்ன, என் மனசில்தான் அப்படியே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அட்டையை வெட்டக் கத்தியை எடுத்த அன்றுதான் தெரிந்தது, மனசில் ஒன்றும் இல்லை என்பது. முன்பக்கம் கதவு இரண்டா, மூன்றா? கூரையைத் தாங்கிய தூண்கள் எத்தனை? தண்ணீர்க் குழாய் ஸ்டேஷன் மணிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அண்ணனுக்குப் போன் போட்டேன். டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் நின்றது வேப்பமரம் என்றார் அவர். புங்கமரம் என்றேன் நான். ஒரு வாரம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிளாட்பார பெஞ்சில் உட்காரவைக்க அப்பாவைச் செய்தேன். 1:87 அளவில் ஆள் இரண்டு சென்டிமீட்டர்தான் வருவார். ஜெர்மன் பொம்மை ஒன்றின் ஓவர்கோட்டைச் சுரண்டியெடுத்துவிட்டு, வேட்டி சட்டை தீட்டினேன். அப்பா வாட்ச் எந்தக் கையில் கட்டுவார் என்று அப்போது யோசித்தேன். தெரியவில்லை. அந்த அளவில் வாட்ச் கண்ணுக்குத் தெரியாது என்பதால் தப்பித்தேன்.

பழசை நினைத்து உருகுவது சுலபம். உருகுவதற்குத் தூண்களை எண்ண வேண்டியதில்லை. கையால் செய்யப் போனால், நாம் எதையெல்லாம் பார்க்காமலே கடந்து வந்தோம் என்ற பட்டியல்தான் முதலில் கைக்கு வருகிறது.

இதை எனக்கு முன்பே தெரிந்துவைத்திருந்த ஒருவர் ராய் இங்கிலாந்து. குடும்பப் பெயர்தான் இங்கிலாந்து, ஆள் ஆஸ்திரேலியர். 1925இல் இங்கிலாந்துக்குப் போனவர், வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்ற பகுதியின் கிராமங்களில் மனசைப் பறிகொடுத்தார். அவர் கண்ணெதிரிலேயே வைக்கோல் வேய்ந்த கூரைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தடுக்க அவரால் முடியாது. அதனால் அந்த வீடுகளின் முன்னால் போய் நின்று அளவெடுத்தார். 1:76 அளவில் அட்டையில் செய்யத் தொடங்கினார். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் 1954இல் அமைந்த பெண்டன் அருங்காட்சியகம் அப்படிப் பிறந்தது. அவர் 1995இல் காலமானார். தொண்டர்கள் இன்னும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்படுவது ஒரே விஷயத்துக்காக: வீடுகள் இருந்தபோதே அவர் அளந்துவிட்டார்.

அளந்தாலும் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட முடியாது. எங்கள் ஊர்ப் பிளாட்பாரத்தை 200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதை 87ஆல் வகுத்தாலும் 2.3 மீட்டர் வருகிறது. என் பலகையே அவ்வளவு நீளம் இல்லை. மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். எதை வெட்டுவது, எதை வைப்பது என்று தீர்மானிக்க ஒரு மாசம் ஆனது. ஓடுகிற எஞ்சினோ ஸ்விட்சர்லாந்தின் ரேஷியன் ரயில்வேயுடையது. மீட்டர் கேஜில் சுலபமாகக் கிடைப்பது அதுதான். எங்கள் பாதையில் குகையும் கிடையாது. வண்டி கொஞ்சநேரம் கண்ணில் படாமல் இருந்தால்தான் எங்கோ போய்விட்டு வந்ததுபோல இருக்கும் என்று நானாக ஒரு மலை வைத்தேன். காய்ந்த துளசிக் கொத்துதான் மரம்; சக்கை பிழிந்து உலர்த்திய டீத்தூள்தான் மண். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, இங்க் ஃபில்லரால் ஒவ்வொரு துளியாக விட்டு ஜல்லியை ஒட்டவைத்தேன். இத்தனை பொய்க்கும் நடுவில் தூண்கள் மட்டும் நான்கு. அண்ணனும் நானும் ஒத்துக்கொண்ட ஒரே எண்ணிக்கை அது.

மறுநாள் காலை பல் தேய்த்த கையோடு பேத்தி மேஜைக்கு வந்துவிட்டாள். வண்டியை விட்டேன். சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

“தாத்தா, பெஞ்சுல ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவர் ஏன் ரயில்ல ஏறவே மாட்டேங்கிறார்?”

நேற்று முழுக்க அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். “நேத்து நீ பார்க்கலையா?” என்றேன்.

“நேத்து ரயிலத்தான பார்த்தேன். இன்னிக்கு நாலாவது சுத்துலதான் அவரப் பார்த்தேன்.”

ஊர் ரயில் எந்த ஸ்டேஷனையும் ஒரு தடவைதான் காட்டும். பிறகு இழுத்துக்கொண்டு போய்விடும். அந்தப் பன்னிரண்டு வருஷமும் நான் ரயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“அவர் யாரு தாத்தா?”

“சொல்றேன். இன்னொரு சுத்து வரட்டும்” என்று குமிழைத் திருகினேன்.