இல்லாத ஊருக்குப் போகாத வழி

என் தங்கை மகன் ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தான். கெமிஸ்ட்ரி நோட்டில் இல்லாத நல்ல கையெழுத்து அதில் இருந்தது. உள்ளே ஓர் ஊரைப் பற்றிய குறிப்புகள். எங்கே தோண்டினால் புதைந்த நகரம் கிடைக்கலாம், எந்தச் சாலையில் கொள்ளைக்காரர்கள் பதுங்குவார்கள், போனவுடன் முதலில் என்ன வித்தை கற்றுக்கொள்வது, நண்பர்களில் யார் காவல், யார் வைத்தியன் எல்லாம் நம்பர் போட்டு வரிசையாக எழுதியிருந்தான். ஒரே ஒரு குறைதான். அந்த ஊர் அப்போது இல்லை. இன்றைக்கும் இல்லை.

"என்னடா இது?"

"எவர்க்வெஸ்ட் நெக்ஸ்ட், மாமா. ஆன்லைன் கேம். இன்னும் வரல."

"எப்ப வரும்?"

"தெரியாது. ஆனா வந்தா..."

அந்த 'ஆனா வந்தா'வுக்கு அப்புறம் அரை மணி நேரம் பேசினான். காப்பி ஆறிப்போனது.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. ஆயிரக்கணக்கான பேர் அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரே மாய உலகத்துக்குள் நுழைந்து, வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேஷம் கட்டிக்கொண்டு ஆடுகிற ஆட்டம் இது. 1999 மார்ச்சில் வந்த 'எவர்க்வெஸ்ட்' அந்த ஜாதியில் பெரிய பெயர். அதன் உலகத்துக்கு நோராத் என்று பெயர். உள்ளே போனவர்கள் சாப்பாடு தூக்கம் மறந்து கிடந்ததால், ஒரு போதை மருந்தின் பெயரைச் சேர்த்து 'எவர்கிராக்' என்று கிண்டல் செய்தார்கள். 2024-ல் அதற்கு 25 வயது நிறைந்தது.

இந்த உலகங்களில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு கிராமத்தைப் படுத்தும் அரக்கனை நீங்கள் ராத்திரி முழுக்கப் போராடிக் கொல்கிறீர்கள். ஊர்ப் பெரியவர் நன்றி சொல்கிறார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் அதே அரக்கன், குளித்துத் தலை வாரியதுபோல் நிற்கிறான். ஏன்? அடுத்தவர் கொல்ல வேண்டுமே! பெரியவரும் அடுத்த ஆளிடம் அதே அழுகையை அழுகிறார். அந்தக் கிராமத்தின் கஷ்டம் எந்தக் காலத்திலும் தீராது. நீங்கள் என்ன செய்தாலும் அந்த உலகத்தில் ஒரு கீறல் விழாது.

2013 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் சோனி ஆன்லைன் கம்பெனி மேடை போட்டு 'எவர்க்வெஸ்ட் நெக்ஸ்ட்' என்று அறிவித்தபோது, சொன்ன வாக்குறுதிகள் நேராக இந்த இடத்தைத் தொட்டன. ஒரே ஆள் 40-க்கும் மேற்பட்ட தொழில்களைக் கற்றுக் கலந்துகொள்ளலாம். நிலத்தை உடைக்கலாம், தோண்டிக்கொண்டே கீழே போகலாம். பெரிய நிகழ்ச்சிகள் மாதக்கணக்கில் நடக்கும். எல்லோரும் சேர்ந்து ஒரு நகரத்தைக் கட்டினால் அது அப்படியே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாத்திரங்களுக்கு விருப்பு வெறுப்பு இருக்கும். ஓர்க் என்னும் கொள்ளைக்காரக் கூட்டத்துக்கு ஆள் நடமாட்டம் குறைந்த சாலை பிடிக்கும், காவலர்களைப் பிடிக்காது. நீங்கள் விரட்டினால் அவர்கள் பத்து நிமிடத்தில் முளைக்க மாட்டார்கள். தங்களுக்குப் பிடித்த வேறு சாலையைத் தேடிப் போவார்கள்.

என் மருமகன் மயங்கியது இதில்தான். "நாம செஞ்சது அங்க இருக்கும் மாமா. அழியாது."

பதினாறு வயசுப் பையனுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது புரியவில்லை. யோசித்தால் எந்த வயசிலும் நாம் கேட்பது அதைத்தானே? காலையில் கிளம்பி ஆபீஸ் போய் ஃபைல் தள்ளி வீடு திரும்பினால், மறுநாள் அதே ஃபைல், குளித்துத் தலை வாரி நிற்கிறது. நாம் வந்து போனதற்கு எங்காவது ஒரு கீறல் விழுந்ததா என்று தெரியாமலே பென்ஷன் வாங்கப் போய்விடுகிறோம்.

இந்த ஆசையை முன்பே ஒருவர் நிறைவேற்றிப் பார்த்திருக்கிறார். 1997-ல் ரிச்சர்ட் கேரியட்டின் கம்பெனி வெளியிட்ட 'அல்டிமா ஆன்லைன்' ஆட்டத்துக்கு ஒரு முழுக் காட்டையே வடிவமைத்தார்கள். முயல் மேயும், ஓநாய் முயலைத் தின்னும், இரை குறைந்தால் பெரிய மிருகங்கள் வேறு இடம் தேடும். அழகான கணக்கு. ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். உள்ளே வரப்போவது மனிதர்கள். கதவு திறந்ததும் வந்தவர்கள் கண்ணில் பட்ட ஜீவன் எல்லாவற்றையும் கொன்று தீர்த்தார்கள். முயல், மான் எதுவும் பாக்கியில்லை. ஓநாய்க்குப் பசிப்பதற்குள் காடு காலி. கடைசியில் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். அப்படி ஒன்று இருந்தது என்பதே பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்குத் தெரியாமல் போயிற்று. நாம் செய்வது எல்லாம் நிலைக்கும் ஓர் உலகத்தைக் கேட்பது சுலபம். கட்டுவது கஷ்டம்.

எவர்க்வெஸ்ட் நெக்ஸ்டும் கஷ்டப்பட்டது. 2015 பிப்ரவரியில் கம்பெனி கைமாறி, டேபிரேக் என்று பெயர் மாறியது. மேடையில் நின்று வாக்குறுதி சொன்னவர்கள் உட்படப் பலர் வெளியேற்றப்பட்டார்கள். 2016 மார்ச் 11-ம் தேதி ஆட்டத்தைக் கைவிடுவதாக அறிவிப்பு வந்தது. அதன் தலைவர் ரஸ்ஸல் ஷாங்க்ஸ் சொன்ன காரணத்தை நான் மறக்கவில்லை. துண்டுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தோம், ஆடுவதற்கு சுவாரஸ்யமாக இல்லை என்றார். ஒரு கம்பெனி வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வருவது அபூர்வம். 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று நம் ஊர் தியேட்டர்போல் போர்டு மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை.

மருமகனுக்கு போன் போட்டேன். இன்ஜினீயரிங் ஹாஸ்டலில் இருந்தான்.

"ரெண்டரை வருஷம் காத்திருந்தியே. எல்லாம் வேஸ்ட்டாடா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வேஸ்ட்டுனு சொல்ல முடியாது மாமா. தினம் ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி அங்கதான் இருப்பேன். நல்லா இருந்துச்சு."

இந்த 'நல்லா இருந்துச்சு' என்னை ரொம்ப நாள் குடைந்தது. வராத ஒன்றை நினைத்துப் பட்ட சந்தோஷம் நிஜமா, பொய்யா?

நிஜம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தீபாவளியைவிட தீபாவளிக்கு முந்தின ராத்திரி நன்றாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். விடிந்து மழை கொட்டிப் பட்டாசெல்லாம் நமுத்துப் போனாலும், முந்தின ராத்திரியை யாரும் திருப்பி எடுத்துக்கொண்டு போக முடியாது. அது அனுபவித்தாகிவிட்டது, வரவில் எழுதியாகிவிட்டது.

அப்படியானால் அடுத்த கேள்வி. வராது என்று தெரிந்த ஒருவர், காத்திருப்பவரிடம் அதைச் சொல்ல வேண்டுமா? சந்தோஷம்தான் நிஜமாயிற்றே. எதற்குக் கெடுப்பானேன்?

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது.

அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். திருச்சிக்கு வெளியே ஐந்து சென்ட் மனை வாங்கிப் போட்டிருந்தார். வாடகை வீட்டிலேயே வாழ்ந்த மனுஷர். மாத காலண்டர் தாள்களைத் திருப்பிப்போட்டு, ஸ்கேல் வைத்து வீட்டுப் பிளான் வரைவார். ஒரு தாளில் முற்றம் இருக்கும், அடுத்ததில் முற்றத்தை எடுத்துவிட்டு ஒரு ரூம் சேர்த்திருப்பார். மாடிப்படியை வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்று அம்மாவோடு ஒரு மாதம் வாதம்.

2006-ல் வீட்டுக் கடனுக்காக வில்லங்க சான்றிதழ் எடுக்கப் போனேன். அந்தச் சொல்லுக்கு அன்றுதான் அர்த்தம் தெரிந்தது. விற்றவர் அதே மனையை எங்களுக்கு முன்பே இன்னொருவருக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். "கேஸ் போடலாம் சார். பத்து வருஷம் ஆகும்" என்றார் வக்கீல். அப்பாவுக்கு அப்போது 74. ஒரு முறை நெஞ்சு வலி வந்து பிழைத்தவர். நான் வீட்டுக்கு வந்து, "லோன் நடந்துட்டிருக்குப்பா" என்றேன்.

ஒன்பது மாதம் அதையே சொன்னேன். ஒன்பது மாதமும் அவர் வரைந்தார். அந்த வீட்டை நம்பியபடியே போய்ச் சேர்ந்தார். டிரங்குப் பெட்டியில் பதினோரு பிளான் இருந்தது. காரியத்துக்கு வந்தவர்களில் விஷயம் தெரிந்த ஒன்றிரண்டு பேர், "நல்ல வேளை சொல்லலை. நிம்மதியாப் போனார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வள்ளுவர்கூட வாய்மை அதிகாரத்தில் பொய்க்கு ஒரு சின்ன சலுகை தந்திருக்கிறார் இல்லையா? குற்றம் ஒட்டாத நன்மை விளையுமானால் அதையும் வாய்மைக் கணக்கில் சேர்க்கலாம் என்று. ரொம்ப வருஷம் அந்தச் சலுகையில்தான் நான் குடியிருந்தேன். ஆனால் அதில் ஒரு கண்டிஷன் இருக்கிறது. குற்றம் ஒட்டாத நன்மை. அந்தக் கண்டிஷனை நான் படித்தும் படிக்காததுபோல் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஏனென்றால் அந்த ஒன்பது மாதத்தில் அப்பா சும்மா காத்திருக்கவில்லை. விலை கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணில் புரை முற்றி, டாக்டர் ஆபரேஷன் சொல்லியிருந்தார். "கண்ணு எங்க ஓடிப்போகுது? முதல்ல மனையில போர் போடணும்" என்று பணத்தை எடுக்கவே விடவில்லை. கடைசி மூன்று பிளான்களில் கோடுகள் கோணிக்கொண்டு போகின்றன. ஒரு சுவர் இன்னொரு சுவரைத் தொடவில்லை. கனவு இலவசம் என்று நினைத்து நான் அதை அவர் கையில் விட்டு வைத்திருந்தேன். அதற்கு வாடகை அவர் கண்ணிலிருந்து போனது.

இதே வித்தியாசம் அந்த ஆட்டத்திலும் இருந்தது. என் மருமகன் கொடுத்தது ராத்திரித் தூக்கத்துக்கு முந்தின அரை மணி. ஆனால் அந்த ஆட்டத்தோடு சேர்ந்து வளர்ந்த 'லேண்ட்மார்க்' என்ற துணை ஆட்டத்துக்கு 2014-ல் முன்கூட்டியே 20 முதல் 100 டாலர் வரை கொடுத்து உள்ளே போனவர்கள் உண்டு. 2016 ஜூனில் அது முறைப்படி வெளியானது, 2017 பிப்ரவரியில் மூடப்பட்டது. அங்கே ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கட்டிய கோபுரங்களும் அதோடு போயின. கனவு காண்பவன் ஒரு ரூபாயோ, ஒரு வருஷமோ, ஒரு கண்ணோ கொடுக்க ஆரம்பித்த நிமிஷமே, தெரிந்தவன் மௌனமாக இருக்கும் உரிமை போய்விடுகிறது. இப்போது எனக்குப் படுவது இதுதான்.

போன வருஷம் மருமகன் வந்திருந்தபோது முதல் முறையாக இந்தக் கதையை அவனிடம் சொன்னேன். இப்போது பெங்களூரில் வேலை, தலையில் ஒன்றிரண்டு நரை. தாத்தா வரையும்போது ஸ்கேலைப் பிடித்துக்கொள்வது அவன் வேலையாக இருந்தது. பிளான்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான்.

"அவரால தாங்க முடியாதுன்னு நினைச்சேன்டா" என்றேன்.

"அதை நீங்க எப்படி மாமா முடிவு பண்ணீங்க? ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பாரு. அப்புறம் சின்னதா வேற மனைக்கு வேற பிளான் போட்டிருப்பாரு. பதினொண்ணு போட்டவருக்குப் பன்னிரண்டாவது போட வராதா?"

எனக்குப் பதில் இல்லை. ஆட்டம் நின்றுபோன அன்றைக்கு இவனும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, அப்புறம் எழுந்து சாப்பிடப் போனவன்தான். முகம் தெரியாத லட்சம் பேரிடம் 'சரியாக வரவில்லை' என்று ஒருவர் சொல்ல முடிந்தது. பெற்ற அப்பாவிடம் என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்கு நெஞ்சு பலவீனம் என்று சொல்லிக்கொண்டேன். அவர் முகம் வாடுவதைப் பார்க்கும் பலம் எனக்கு இல்லை என்பதுதான் சரியான கணக்கு. நாம் செய்வது அழியாமல் அங்கேயே இருக்கும் உலகம் வேண்டும் என்று ஆசைப்பட்டானே பையன், அந்த உலகம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

ஊருக்குக் கிளம்பும்போது கேட்டேன், "இப்ப எதுக்குடா காத்துட்டிருக்க?"

முகம் பதினாறு வயசுக்குத் திரும்பியது. வேறொரு ஆட்டத்தின் பெயரைச் சொன்னான்.

"எப்ப வரும்?"

"தெரியாது மாமா. ஆனா வந்தா..."

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். அது வராது என்று எனக்கு என்றைக்காவது தெரியவந்தால், அன்று ராத்திரியே போன் செய்துவிடுவேன்.