உழைத்த காசும் தர்மமும்

அய்யா துணை.

அன்புக்கொடி மக்களே! அய்யா வைகுண்டர் காணிக்கை வேண்டாம் என்றார். தர்மம் செய்யச் சொன்னார். நம் பதிகளில் உண்டியல் இல்லை. காசு போட்டுக் கணக்குத் தீர்க்க வழியில்லை. சம்பாதிக்கும் இடத்தில் ஒருவர் எப்படி நடக்கிறார் என்பதே அய்யா முன் நிற்கும் கணக்கு.

திருத்தணியில் 1888-ஆம் ஆண்டு எளிய குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். கல்லூரிக் காலத்தில், படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்தார். செலவில்லாமல் கிடைத்த அந்தப் பாடத்தையே எடுத்துப் படித்தார். அதுவே வாழ்நாள் தொழிலாயிற்று. கொடுத்தவருக்கு நஷ்டமில்லை, பெற்றவருக்கோ வழி திறந்தது. எளியவரைக் கைதூக்கிவிடப் பெரும் பணம் தேவையில்லை.

1921-இல் மைசூர் வேலையை விட்டு அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, பூ அலங்காரம் செய்த வண்டியில் அவரை அமர்த்தி, மாணவர்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள். எந்தச் சம்பளமும் அந்த மரியாதையை வாங்காது. உழைப்போடு நற்குணம் சேர்ந்தால்தான் அது வரும்.

கடைக்காரர் எடையில் குறைக்க வேண்டாம். சம்பளக்காரர் வேலை நேரத்தைத் திருட வேண்டாம். வேலை வாங்குபவர் கூலியை நாளைக்கென்று தள்ள வேண்டாம். உழைத்தவன் வீட்டில் அடுப்பு இன்றைக்கு எரிய வேண்டும்.

பள்ளியறைக் கண்ணாடியில் தெரிவது அவரவர் முகம். பிறர் கூலி நம் மடியில் இருந்தால், முதலில் அதைக் கொடுத்துவிட்டு வந்து நில்லுங்கள்.

அய்யா உண்டு!