காரணமும் குற்றமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். பனைகள் சூழ்ந்த சாயல்குடியில் இந்தப் பழமொழியை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழம் பழுத்திருந்தது, விழும் வேளை வந்தது, விழுந்தது. காக்கை அந்த நேரத்தில் அங்கே இருந்தது, அவ்வளவுதான். இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நம் வீட்டில் ஏதாவது விழுந்துவிட்டால் முதலில் காக்கையைத்தான் தேடுகிறோம்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. காக்கை உட்கார்ந்ததனால்தான் பழம் விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது காக்கை காரணம்; சரி. அது குற்றவாளியும் ஆகுமா?

சாயல்குடிக் கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர், தாம் அறியாமலே இதற்கு எனக்கு விடை சொன்னார். ரேடியோ அலையால் ஓடும் பொம்மைக் கார் ஒன்றைப் பையன் ஒருவன் அவரிடம் கொண்டுவந்தான். 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் பழைய ரகம். மோட்டார் தேய்ந்துவிட்டதென்று, அதைவிட வேகமான புதிய மோட்டார் ஒன்றை அவனே மாற்றியிருக்கிறான். அன்று முதல் கார் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மெல்ல ஓட்டினால் ஓடுகிறது. வேகம் கொடுத்தால் உதறுகிறது. இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போகிறது.

“இந்த மோட்டார் ராசியில்லாதது, தாத்தா” என்றான் பையன்.

பெரியவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. முதலில் பாட்டரியை மட்டும் மாற்றிப் பார்த்தார். உதறல் நிற்கவில்லை. பிறகு மோட்டாரின் கம்பிகளை மட்டும் கழற்றினார். இப்போது தெருக்கோடியிலிருந்து திருப்பினாலும் முன்சக்கரங்கள் பணிவோடு திரும்பின. புது மோட்டாரைத் தனியே பாட்டரியில் இணைத்தார், அழகாகச் சுழன்றது. பழைய மோட்டாரை மறுபடி பொருத்தினார். கார் மெதுவாக, ஆனால் சொன்னபடி ஓடியது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். அந்தப் பொறுமைதான் நீதி விசாரணையின் முதல் இலக்கணம் என்று எனக்குத் தோன்றிற்று.

“இதைப் பார், தம்பி” என்று பழைய மோட்டாரின் முதுகைக் காட்டினார். துவரம்பருப்பளவில் மூன்று சின்னஞ்சிறு கண்டென்சர்கள் அங்கே பற்றவைக்கப்பட்டிருந்தன. மோட்டாருக்குள் கரித்துண்டுகள் உரசும்போது தீப்பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். கட்டளையை வாங்கும் ஆன்டெனாவோ சில அங்குலத் தொலைவில் இருக்கிறது. அந்த இரைச்சலில் தூரத்துக் கட்டளை அமுங்கிப் போகாதபடி காத்துவந்தவை அந்த மூன்றும்தான். புது மோட்டாரின் முதுகு வெறுமையாக இருந்தது. மூன்று கண்டென்சர்களை அதிலும் பற்றவைத்தார். கார் கட்டுப்பட்டு ஓடியது.

‘இது இருந்தால் அது உண்டு, இது இல்லையேல் அது இல்லை’ என்று காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறையை அந்வயம், வியதிரேகம் என்பார்கள் நம் தர்க்க நூலோர். அந்தக் கணக்கின்படி புது மோட்டார்தான் காரணம். ஆனால் அதனிடம் குறை ஏதும் இல்லை. பழையதைக் கழற்றியபோது அதனுடைய வேகத்தை மட்டுமே கணக்கில் எடுத்தோம். அது ஓசையின்றிச் செய்துவந்த தொண்டும் அதோடு போய்விட்டது.

காரணம் புரியாத இடத்தில் மனிதன் ஓர் ஆளைத் தேடுகிறான். 1898-இல் நியூயார்க் நகரில் நிக்கோலா டெஸ்லா கம்பியில்லாமல் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டினார். பார்த்தவர்களில் சிலர், உள்ளே பழக்கிய குரங்கு ஒளிந்திருக்கிறது என்றார்களாம். சிரிப்பதற்குரிய கதை. ஆனால் நம் வீடுகளில் அந்தக் குரங்கின் இடத்தில் பெரும்பாலும் ஒரு பெண்ணை வைத்துவிடுகிறோம்.

கடலோரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கிணற்றில் சிறிய மோட்டார் ஒன்று சோம்பேறித்தனமாக நீர் இறைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுப் பெரிய மோட்டார் வைத்தார்கள். அதே ஆண்டில் மருமகள் வந்தாள். அடுத்த கோடையில் தண்ணீர் உப்புக் கரித்தது. “அவள் காலடி வைத்த வேளை” என்றார்கள். மோட்டாரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அது பணம் கொடுத்து வாங்கியதல்லவா?

கடற்கரை நிலத்தில் நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் வகுத்த கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் அடியில் உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். அவசரமாக இறைக்கிற இடத்தில் அது கூம்புபோல் எழும்பிவரும். பழைய மோட்டாரின் சோம்பல்தான் இத்தனை காலம் கிணற்றின் இனிமையைக் காத்துவந்தது. அந்தத் தொண்டை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

பெரிய மோட்டார் காரணம். ஆயினும் குற்றவாளி அல்ல. இறைப்பதற்குச் செய்த பொருள் இறைத்தது. பொறுப்பு, மாற்றியவர்களுடையது. மருமகளோ காரணமும் அல்ல, குற்றவாளியும் அல்ல. பழம் விழுந்த நேரத்தில் அங்கே இருந்தவள், அவ்வளவுதான். ஆனால் பழியைச் சுமந்தவள் அவள் ஒருத்திதான்.

மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டலாம், அதற்கு வலிக்காது. மனிதரை அப்படிச் சோதிக்க முடியாது. ஆகையால் மனிதர்மேல் பழி சொல்லுமுன் மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். அந்த வீட்டார் தலைகீழாகச் செய்தார்கள். மோட்டாரை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கிணறு இனிக்கவில்லை.