வகுப்பறையில் நடுநிலை

தேர்தல் காலத்தில் அரசியல் கற்பிக்கும் ஆசிரியர் தன் மாணவர்களிடம் எவ்வளவு தூரம் பேசலாம்? 2024 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம் என் பெரியம்மா மகள். கல்யாணமாகி அங்கே போன அக்கா, பென்சில்வேனியாவில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் அரசியல் பாடம் எடுக்கிறார்.

அமெரிக்க அதிபரை மொத்த வாக்கு எண்ணிக்கை முடிவு செய்வதில்லை. மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்ட 538 தேர்வாளர் வாக்குகளில் 270-ஐப் பெறுபவரே வெல்கிறார். பென்சில்வேனியாவிடம் அதில் 19 இருக்கிறது. 2016-இல் அங்கு ட்ரம்ப் ஏறக்குறைய 44,000 வாக்குகளில் வென்றார். 2020-இல் பைடன் ஏறக்குறைய 80,000 வாக்குகளில் வென்றார். எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாநிலம் என்பதால் பிரச்சாரப் பணமெல்லாம் அங்கேதான் கொட்டுகிறது. யூடியூப் திறந்தாலும் அதுதான், ரேடியோ போட்டாலும் அதுதான். அக்காவின் வகுப்பில் இரு கட்சி வீட்டுப் பிள்ளைகளும் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். சிலருக்கு நவம்பருக்குள் பதினெட்டு வயது. அவர்களுக்கு அது பாடம் மட்டுமில்லை, முதல் ஓட்டு.

அக்கா பாடத்தைப் பழைய விளம்பரம் ஒன்றிலிருந்து தொடங்குவாராம். 1964 செப்டம்பர் 7-ஆம் தேதி ஜான்சனின் பிரச்சாரக் குழு ஒரே ஒருமுறை காசு கொடுத்து ஒளிபரப்பியது அது. ஒரு சிறுமி பூவின் இதழ்களைப் பிய்த்துத் தப்பும் தவறுமாக எண்ணுகிறாள். பிறகு ஓர் ஆண்குரல் பத்திலிருந்து இறங்குவரிசையில் எண்ணுகிறது. அணுகுண்டு வெடிக்கிறது. எதிர் வேட்பாளர் கோல்ட்வாட்டரின் பெயர் எங்குமே வராது. பெயரே சொல்லாமல் எப்படி ஒருவரைப் பார்த்துப் பயப்பட வைத்தார்கள் என்று மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகுதான் இந்த ஆண்டின் விளம்பரங்கள். யார் பணம் கொடுத்தது? யாரைப் பார்த்துப் பேசுகிறது? ஏன் இந்த மாநிலத்தில் மட்டும் இவ்வளவு ஓடுகிறது? இரண்டு கட்சிக்கும் அதே கேள்விகள்தான்.

இதுவரை சிக்கல் இல்லை. ஒருநாள் ஒரு மாணவன் கேட்டிருக்கிறான், "2020-இல் உண்மையில் ஜெயிச்சது யாரு?" அக்கா, பைடன் என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஒரு பெற்றோரிடமிருந்து புகார். பள்ளி நிர்வாகம் அக்காவைக் கண்டிக்கவில்லை. "இரண்டு தரப்பையும் சொல்லியிருக்கலாமே" என்றதோடு முடித்துக்கொண்டது.

"அதான் தம்பி எனக்குக் கஷ்டமா இருக்கு. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. நடுநிலையா இருங்கன்னு சொல்றாங்க. நான் நடுநிலையாத்தானே இருந்தேன்?"

எனக்குத் தெரிந்த வகையில் யோசித்துப் பார்த்தேன். தொழிற்சாலையில் ஒரே தொட்டியின் வெப்பத்தை அளக்க இரண்டு சென்சார் வைத்திருப்போம். ஒன்று 80 காட்டி மற்றது 120 காட்டினால், கூட்டி வகுத்து 100 என்று எழுதிவிட்டுப் போக மாட்டோம். எது பழுது என்று கழற்றிப் பார்ப்போம். ஆனால் தொட்டியை எத்தனை டிகிரியில் ஓட்டுவது என்பது வேறு கேள்வி. உற்பத்திப் பிரிவு ஒன்று சொல்லும், பாதுகாப்புப் பிரிவு ஒன்று சொல்லும். அங்கே இரண்டு தரப்பையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

டயானா ஹெஸ், பாவுலா மெக்கவோய் என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் அரசியல் வகுப்பறை பற்றி எழுதிய நூலில் இதற்கு நெருக்கமான ஒரு பிரிப்பைச் செய்கிறார்கள். சில கேள்விகள் திறந்தவை, சில முடிந்தவை. தேர்வாளர் வாக்குமுறையை வைத்துக்கொள்வதா ஒழிப்பதா என்பது திறந்த கேள்வி. வாக்காளரிடம் அடையாள அட்டை கேட்பதும் அப்படித்தான். 2020-இல் யார் வென்றார் என்பது முடிந்த கேள்வி. அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டும் முடிவு மாறவில்லை. பென்சில்வேனியா வழக்கொன்றின் மேல்முறையீட்டை நிராகரித்த தீர்ப்பை எழுதியவர் ட்ரம்ப் நியமித்த நீதிபதியே.

இந்தப் பிரிப்பைச் சட்டத்தால் செய்துவிட முடியுமா? டெக்சஸ் முயன்று பார்த்தது. சர்ச்சைக்குரிய விஷயத்தைப் பேசும் ஆசிரியர் எந்தத் தரப்புக்கும் சாயாமல் பல கோணங்களையும் காட்ட வேண்டும் என்று 2021-இல் சட்டம் போட்டார்கள். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் அம்மாநிலத்தின் சவுத்லேக் நகரில், யூதப் படுகொலை பற்றிய புத்தகம் வைத்திருந்தால் எதிர்க் கோணமுள்ள புத்தகத்தையும் வையுங்கள் என்று ஒரு கல்வி அதிகாரி ஆசிரியர்களிடம் சொன்னது ஒலிப்பதிவாக வெளியே வந்தது. மாவட்டக் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். அந்த அதிகாரியைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பயந்தவர். பயந்தவர்களுக்குச் சராசரிதான் பாதுகாப்பு.

சரி, ஆசிரியர் தன் ஓட்டு யாருக்கு என்று சொல்லலாமா? அமெரிக்கச் சட்டம் அவருக்குப் பெரிதாக உதவாது. ஈராக் போர் சமயத்தில் இண்டியானாவில் ஓர் ஆசிரியை, மாணவர் கேட்டதற்காக, அமைதிக்கு ஆதரவாகக் கார் ஹாரனை அடித்தேன் என்றார். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வகுப்பில் சொந்தக் கருத்தைச் சொல்லும் உரிமை ஆசிரியருக்கு அரசமைப்பில் இல்லை என்று 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டத்தை விடுங்கள். மாணவர்கள் வேறுவழியில்லாமல் உட்கார்ந்திருக்கும் இடம் வகுப்பறை, மதிப்பெண் போடுவதும் அதே ஆசிரியர். அதனால் ஓட்டைச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று எனக்குப் படுகிறது. ஆனால் மௌனமும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிடும். அமெரிக்கா 1971-இல் பதினெட்டு வயதினருக்கு வாக்குரிமை கொடுத்தது. அதே ஆண்டில்தான் மலேசியாவில் 'அவுக்கு' சட்டம் வந்தது. நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது வளாகத்துக்குள் மாணவர்களுக்குக் கட்சி அரசியல் கூடாது. நாடாளுமன்றம் அந்தத் தடையை நீக்கியது 2018 இறுதியில்தான். எங்கள் விரிவுரையாளர்கள் தேர்தல் என்ற சொல்லையே தவிர்த்தார்கள். அதை நாங்கள் நடுநிலை என்று எடுத்துக்கொள்ளவில்லை. அரசியல் என்றால் மாமாக் கடையில் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டிய சமாச்சாரம் என்று கற்றுக்கொண்டோம்.

ஆகவே அக்காவிடம் நான் சொன்னது: "ஓட்டைச் சொல்ல வேணாம்க்கா. ஆனா ஏன் சொல்லலன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க. 2020 பத்திக் கேட்டா தீர்ப்பையே கையில கொடுத்துடுங்க."

அவர் உடனே திருப்பிக் கேட்டார். "எந்தக் கேள்வி முடிஞ்சதுன்னு யாருடா முடிவு பண்றது? 2003-ல ஈராக்ல பேரழிவு ஆயுதம் இருக்குன்னு கவர்மெண்டே சொன்னுச்சு. அதுவும் முடிஞ்ச விஷயம் மாதிரிதானே பேசுனாங்க?"

ஆயுதம் கிடைக்கவே இல்லை. நியாயமான கேள்விதான், இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. அன்று அரசாங்கம் என்னை நம்பு என்றது. தீர்ப்பைக் கையில் வாங்கும் மாணவனிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. வேண்டுமானால் அவன் அதை வரிவரியாகப் படித்து ஓட்டை கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தால் வகுப்பு அதைக் கேட்க வேண்டும். ஆசிரியர் ஒரு கேள்வியை முடிந்தது என்று சொல்லலாம், ஆனால் ஆதாரத்தை மேசைமேல் வைத்துவிட்டுத்தான். எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை எந்தச் சட்டமும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது.

அடுத்த வாரம் அக்கா அந்தத் தீர்ப்பைப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறார். புகார் செய்த வீட்டுப் பையனும் படித்தானாம். அவன் மனம் மாறிற்றா என்று அக்கா கேட்கவில்லை.