பாறைப் பிளவின் நீரும் கருதலளவையும்

கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை அதன் விளைவைக் கொண்டு துணிவது மெய்யறிவாகுமா என்னும் வினா இந்திய மெய்யியலில் நெடுங்காலம் வழக்காடப்பட்டது. காட்சி ஒன்றே அளவை, அதாவது மெய்யறிவுக்கு வழி, என்றனர் உலகாயதர். புகையைக் கண்டு நெருப்பைத் துணியும் கருதலும், அதாவது அனுமானமும், அளவையே என்றனர் நியாய நூலார். இவ்வழக்கை மீண்டும் எண்ணிப் பார்க்கத் தக்க சான்று ஒன்று இருபதாம் நூற்றாண்டில் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் கிடைத்தது.

புவியின் உட்பகுதி பற்றிய அறிவில் பெரும்பங்கு நிலநடுக்க அலைகளால் வந்தது. அலையின் வேகம் மாறும் ஆழத்தில் பாறையின் வகையும் மாறும் என்று கொள்வது வழக்கம். கோலாவில் ஏறத்தாழ 7 கி.மீ. ஆழத்தில் வேகம் மாறியதால், அங்கே கிரானைட் முடிந்து பசால்ட் தொடங்கும் எனக் கருதப்பட்டது. ஆனால் 1970இல் சோவியத் அறிஞர் தொடங்கி 1989இல் 12,262 மீட்டர் வரை இறக்கிய துளை அந்த ஆழத்தைக் கடந்தபோது பசால்ட் தட்டுப்படவில்லை. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, பிளவுபட்டு, பிளவுகளில் நீர் ஊறிய பாறையே அங்கிருந்தது.

பாறையை அமுக்கியும் விரித்தும் செல்வது முதன்மை அலை; பக்கவாட்டில் அசைத்துச் செல்வது இரண்டாம் நிலை அலை. வெற்றுப் பிளவுகள் இரண்டையும் மெதுவாக்குகின்றன. அப்பிளவுகளில் நீர் நிறைந்தால், அது அமுக்கத்தை எதிர்ப்பதால் முதன்மை அலை இழந்த வேகத்தில் பெரும்பகுதியை மீட்கிறது. பக்கவாட்டு அசைவை எந்த நீர்மமும் எதிர்க்காததால் இரண்டாம் நிலை அலைக்கு அந்த மீட்பு இல்லை. நீரில் சிறிதளவு வாயு கலந்தாலே போதும், முதன்மை அலையும் மீண்டும் தளர்ந்துவிடும். ஆகவே, பாறையின் வகை மாறாமலே வேகம் மாறலாம்.

இத்தகைய மறைந்த நிபந்தனையை நியாய நூலார் உபாதி என்றனர். நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு என்பது பிழை. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பிருந்தும் புகையில்லை, ஏனெனில் புகைக்கு ஈர விறகு வேண்டும். அவர்கள் காட்டிய உபாதியும் ஈரமே என்பது தற்செயல்தான், எனினும் சுவையானது. கோலாவில் தவறியது கருதல் என்னும் அளவையன்று, உபாதியைத் தேடாத கருதல். அதைத் தேடும் வழியும் அலைகளிலேயே உண்டு. பல பாறைகளில் 1.73ஐ ஒட்டி நிற்கும் இருவகை வேகங்களின் விகிதம், நீர் நிறைந்த பிளவுகள் மிகுந்தால் உயர்கிறது. பாறைக்குழம்பும் சில கனிமங்களும் அதே உயர்வைத் தரும் என்பதால் இதுவும் முடிந்த முடிபன்று.

துளையிட்டுக் கண்டதே தீர்ப்பாயிற்று என்று உலகாயதர் மகிழ்வதற்கும் இடம் குறைவு. ஆழத்திலிருந்து மேலே வந்த பாறை, தன்னை அழுத்திய சுமை நீங்கியவுடன் புதிய நுண்பிளவுகளை ஏற்கிறது. அதனால் ஆய்வுக்கூடத்தில் அதை மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்தி, அதன்வழியே அலையைச் செலுத்தி, அது ஆழத்தில் எந்நிலையில் இருந்திருக்கும் என்று கருத வேண்டியிருக்கிறது.