நன்றிக்கடனை யார் கட்டுவது?

2024 ஏப்ரல் 8. சேப்பாக்கத்தில் கொல்கத்தாவோடு மேட்ச். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, மஞ்சள் சட்டைக் கூட்டத்தில் நசுங்கி, போய்ச் சேர்ந்தேன். இலக்கு 138 ரன்தான். ஜெயிக்க மூன்றே ரன் பாக்கி இருக்கும்போது ஷிவம் துபே அவுட். நம்ம ஆள் அவுட் ஆனதுக்கு ஸ்டேடியமே எழுந்து நின்று கத்தியது. ஏன்னா அடுத்து தோனி வரணும். ஆனால் பேட்டோடு வெளியே வந்தது ஜடேஜா. ஒரு கணம் எங்கள் எல்லார் முகமும் தொங்கிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போக, பின்னாலேயே தோனி வந்தார். காது கிழிந்தது.

அன்றைக்கு ஆட்டநாயகன் யார் தெரியுமா? ஜடேஜாதான். 18 ரன் கொடுத்து 3 விக்கெட்.

அதற்கு முந்தைய வருடமே அவர் சிரித்தபடி இதைச் சொல்லியிருந்தார்: தான் மேலே இறங்கினால், எப்போது அவுட் ஆவான் என்று எல்லாரும் காத்திருப்பார்கள் என்று. நாமும் சிரித்தோம். 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவர் அவர். தோனி அவரைத் தூக்கிக்கொண்ட அந்தப் படம் ரொம்ப நாள் என் மொபைல் வால்பேப்பராக இருந்தது.

2025இல் சென்னை 14 மேட்சில் 4 மட்டும் ஜெயித்து, வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. பெங்களூரு 2008க்குப் பிறகு முதல்முறையாகச் சேப்பாக்கத்தில் ஜெயித்தது. அந்த மேட்சில் தோனி ஒன்பதாவது ஆளாக, அஷ்வினுக்கும் பிறகு இறங்கினார். முழங்கால் பழைய மாதிரி இல்லை, பத்து ஓவர் ஓடி விளையாட முடியாது என்று கோச் ஃபிளெமிங் வெளிப்படையாகவே விளக்கினார். டீமைக் கலைத்துக் கட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது டீக்கடை வரைக்கும் தெரிந்திருந்தது. நவம்பரில் கட்டத் தொடங்கினார்கள். ட்ரேடில் ராஜஸ்தானுக்குப் போனது ஜடேஜா. கூடவே சாம் கரன். வந்தது சஞ்சு சாம்சன். ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியானது. அடுத்த மாத ஏலத்தில் பிரசாந்த் வீர் என்கிற இருபது வயதுப் பையனை, அவரும் இடதுகை ஸ்பின் போடும் ஆல்ரவுண்டர், சென்னை 14.20 கோடிக்கு வாங்கியது.

36 வயதுக்காரர் போனார். 44 வயதுக்காரர் தங்கினார்.

தோனியை அனுப்பியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வயதே குற்றம் என்றும் சொல்ல மாட்டேன். 2018இல் 'அப்பாக்களின் படை' என்று கேலி செய்யப்பட்ட டீம்தான் கோப்பையைத் தூக்கியது. இறுதிப் போட்டியில் 36 வயது வாட்சன் 117 அடித்தார். என்னை உறுத்துவது வேறு. நன்றி என்று நாம் சொல்லும் இந்தச் சமாச்சாரத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதை யார் கட்டுகிறார்கள்?

இந்தக் கேள்வியை நான் கிரிக்கெட்டில் கற்கவில்லை. முன்பு வேலை பார்த்த ஓர் ஆபீஸில் எனக்கு கோட் எழுதக் கற்றுக்கொடுத்த சீனியர் ஒருவர் இருந்தார். புதுத் தொழில்நுட்பம் வந்தபோது அவரால் ஓட முடியவில்லை. அவர் எழுதியதை ராத்திரி உட்கார்ந்து ஜூனியர்கள் சரி செய்வார்கள். டீம் லீடாக எனக்கு எல்லாம் தெரியும். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளூரப் பெருமை வேறு. ஒரு நாள் ஒரு ஜூனியர் பெண் பேப்பர் போட்டாள். காரணம் கேட்டேன். "நீங்க அவருக்குக் கடன்பட்டிருக்கீங்கண்ணா, சரி. அதை நான் எதுக்குக் கட்டணும்?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. அவரிடம் உண்மையைச் சொல்லும் சங்கடத்தை நான்தான் பட்டிருக்க வேண்டும். அவருக்குப் பொருந்தும் வேறு வேலையை நான்தான் தேடியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவள் தூக்கத்தை எடுத்துக் கொடுத்து நல்லவனாகிக்கொண்டேன்.

அமெரிக்க பாஸ்கெட்பாலில் இதே கதை நடந்திருக்கிறது. 2013இல் கோபி பிரையன்ட் பெரிய காயத்திலிருந்து மீண்டு வரும்போதே லேக்கர்ஸ் அவருக்கு இரண்டு வருடத்துக்கு 4.85 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. பழைய ஐந்து கோப்பைகளுக்கான நன்றி அது என்று அப்போதே பேசினார்கள். 2015-16இல், அவரது கடைசி சீஸனில், டீம் 17 ஜெயித்து 65 தோற்றது. கடைசி மேட்சில் கோபி 60 பாயின்ட் அடித்தார். அந்த 60 உலகத்துக்கே ஞாபகம் இருக்கிறது. 65 தோல்வியில் வளர வேண்டியிருந்த பையன்களை யாருக்கு ஞாபகம்?

எதிர்ப்பக்கமும் சுலபமில்லை. 'ரீபில்ட்' என்று சொல்லிவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடுகிற ஒரு மொழி இருக்கிறது. ஆபீஸில் அதை 'ரீஸ்ட்ரக்சரிங்' என்பார்கள். இன்றைக்கு இருக்கிற ஒரு மனிதனைக் கொடுத்து, நாளைக்கு வரப்போகும் ஒரு சாத்தியத்தை வாங்குவது. 14.20 கோடிப் பையன் அடுத்த ஜடேஜா ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆளுக்கு ஆள் இப்படிக் கணக்கு மட்டுமே பார்த்தால், மிஞ்சுவது ஒரு மஞ்சள் சட்டையும் பெயர்ப் பட்டியலும்தான். அதற்காக யாரும் கூட்ட ரயிலில் தொங்கிக்கொண்டு போக மாட்டார்கள். ஜடேஜாவை அனுப்பியது துரோகம் என்றும் நான் நினைக்கவில்லை. ட்ரேடுக்கு வீரரின் சம்மதமும் வேண்டும். 2008இல் 19 வயதில் தொடங்கிய டீமுக்கே அவர் திரும்பிப் போனார்.

செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், உதவியின் அளவை உதவியைக் கொண்டு அளக்காமல் அதைப் பெற்றவரின் தகுதியைக் கொண்டு அளக்கச் சொல்கிறார். அப்படியென்றால் சோதனை தோனிக்கோ ஜடேஜாவுக்கோ அல்ல, வாங்கிக்கொண்ட நமக்கு. நாம் தோனியிடம் காட்டுவது நன்றியா, அல்லது 2011இல் கல்லூரி ஹாஸ்டலில் கத்திய நம் இளமையை விட மனசில்லாததா? அந்த மனசுக்காக அவர் வலிக்கிற முழங்காலோடு இறங்க வேண்டியிருக்கிறது. எப்போது போவது என்ற முடிவையும் அவர் தலையிலேயே போட்டுவிட்டு, அதை மரியாதை என்கிறோம். என் சீனியருக்கு நான் செய்ததும் இதைத்தான்.

ஜடேஜாவுக்கு நான் பட்ட கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. என்றைக்காவது அவர் பிங்க் சட்டையில் சேப்பாக்கத்தில் பேட்டோடு இறங்கினால், என்னைச் சுற்றி இருப்பவர்கள் முறைத்தாலும், எழுந்து நின்று கைதட்ட வேண்டும். இந்த முறை அவர் வரும்போது.