வேலி யாருக்கு?

பட்டுச் சேலை வாங்க வருகின்றவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுவதில்லை. திருப்பிப் பார்க்கிறார். உடலும் கரையும் சேரும் கோர்வையைத் தடவிப் பார்க்கிறார். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று கேட்கிறார். காஞ்சிபுரத்துக்காரர்களாகிய நமக்கு இது புதிய பாடமன்று. ஆனால் மனை வாங்கும்போது மட்டும் வண்ணத் தாளில் அச்சிட்ட படம் ஒன்றே போதுமானதாகி விடுகிறதே!

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடற்கரைச் சாலையோரம் இயற்கைச் சூழல் குடியிருப்பு என்ற பெயரில் மனைகள் விற்கப்படுகின்றன. 2019 வரை இப்பகுதி நமது மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு செங்கல்பட்டு மாவட்டத்தோடு போயிற்று. ஒலிமுகமதுபேட்டையில் நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தார் அங்கே ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்து விட்டு, நம்மையும் அழைத்துச் சென்று காட்டினார்கள். சவுக்குத் தோப்பு, தாமரைக் குளம், கடற்காற்று; மாஷா அல்லாஹ், கண்ணுக்குக் குளிர்ச்சிதான். சுற்றிலும் ஆளுயர மதில். மதிலுக்கு வெளியே ஓர் அம்மாள் மீன் கூடையைச் சுமந்து கொண்டு வெயிலில் சுற்றி நடந்து போனார். முன்பெல்லாம் அந்தத் தோப்பின் ஊடே கரைக்கு ஒற்றையடிப் பாதை இருந்ததாம்.

பட்டா இருக்கிறது, வில்லங்கம் இல்லை, வட்டிக் கடனும் இல்லை. பிறகு ஹலாலா என்று கேட்க என்ன இருக்கிறது என்பார்கள். கிரயம் செல்லும், அதில் நமக்கு மறுப்பில்லை. நமது கேள்வி மதிலைப் பற்றியது.

அறியாமைக் காலத்து அரபுத் தலைவன் ஒருவன் பசுமையான இடத்தைக் கண்டால், மேட்டின் மீது நாயைக் குரைக்க விடுவானாம். அந்தச் சத்தம் எட்டும் தூரம் வரை அவனுடைய கால்நடைகளுக்கே உரிய காப்பு நிலம். இதற்கு ஹிமா என்று பெயர். நாயகம் (ஸல்) அவர்கள் இந்தத் தனியுரிமையை ஒழித்தார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் மட்டுமே, அதாவது பொது நலனுக்கு மட்டுமே என்றாக்கினார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்கள் காப்பு நிலத்துக்கு ஹுனை என்பவரைக் காவலராக வைத்தபோது சொன்ன கட்டளை புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ள ஏழையை உள்ளே விட வேண்டும். உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) போன்ற செல்வர்களின் மந்தைகளை விடக் கூடாது. அவை அழிந்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் வயலும் இருக்கின்றன என்பதே காரணம். அங்கும் வேலி இருந்தது, காவலும் இருந்தது. ஆனால் யாருக்காக?

நாட்டுச் சட்டத்தையும் பார்ப்போம். 10,000 சதுர மீட்டருக்கு, ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து அங்கீகாரம் பெற வேண்டுமானால், சாலைகள் போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக விட்டு, அதையும் சாலைகளையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அப்படியானால் நமக்குக் காட்டப்பட்ட பூங்கா ஊருடையது, சாலையும் ஊருடையது. வாயில் காவலாளி எந்த உரிமையில் ஊராரை நிறுத்துகிறார்?

தண்ணீரும் அப்படித்தான். மணற்பாங்கான கரையில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. தாமரைக் குளத்துக்கென்று ஆழ்துளைக் கிணற்றில் அளவின்றி இறைத்தால் உப்பு மேலேறும். நம் வீட்டுக்கு லாரித் தண்ணீர் வரும். பக்கத்துக் குப்பத்தின் கைப்பம்புக்கு?

பெண்டு பிள்ளைகளின் பாதுகாப்பு என்ன ஆவது என்று நம் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அனுமதியின்றிப் பிறர் வீட்டில் நுழையலாகாது என்று மார்க்கமே சொல்கிறது. இரவில் வாயிலை அடைப்பதைக் கூட நாம் குறை கூற மாட்டோம். ஆனால் வீட்டுக்கு உள்ள ஹக்கைத் தெருவுக்கும் கடற்கரைக்கும் நீட்டிக் கொள்ள முடியுமா?

அந்தக் குடும்பத்தார் தானப் பத்திரத்தின் நகலைக் கேட்டிருக்கிறார்கள். பகலில் பாதையைத் திறந்து விடுவதென்று எழுதித் தரவும் கேட்டிருக்கிறார்கள். விற்பவர் சிரித்தாராம். பத்திரப் பதிவு தள்ளிப் போயிருக்கிறது; மருமகப் பிள்ளைக்கு வருத்தம். முன்பணம் இன்னும் விற்பவரிடமே இருக்கிறது.